சேர்ந்திருந்து பார்த்தது

கொழும்பிலிருந்து வரும் நண்பர்களில் யாராவது ஒருவர் எப்படியும் கேட்டுவிடுவார்: இவ்வளவு இரத்தத்தைக் கண்ட சனம் ஏன் காசு கொடுத்துப் போய் வெட்டுக்குத்துப் படம் பார்க்கிறது? மனதை நோகடிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. போர் முடிந்த வன்னியில் மனிதர்கள் பாட்டும் சிரிப்புமாக இருக்க வேண்டும் என்ற விருப்பம்தான் அந்தக் கேள்விக்குள் இருப்பது. நானும் பொழுதுபோக்கு என்று ஏதோ சொல்லிச் சமாளித்து வந்தேன். 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வவுனியாவில் ஒரு தியேட்டரில், அத்தானுக்குப் பக்கத்தில் இருந்து ‘விசாரணை’ பார்த்த பிறகுதான் அந்தக் கேள்விக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது.

அதற்கு முதல் நாங்கள் படம் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

1990இல் சண்டை மறுபடி தொடங்கியதோடு எங்கள் பகுதிக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. போர் முடியும்வரை அது திரும்பி வரவில்லை. பெற்றோல், பற்றறி, சீமெந்து என்று அரசாங்கம் வன்னிக்குத் தடைசெய்த பொருட்களின் பட்டியல் நீளமானது. என்றாலும் ஒரு கலியாணவீடு, சாமத்தியவீடு என்றால் ரிவியும் டெக்கும் வாடகைக்கு வந்து முற்றத்தில் இறங்கிவிடும். ஜெனரேற்றரைக் கொஞ்சப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். அந்த இரைச்சலில் விமானம் வருவது கேட்காது. அதனால் வானத்தைக் கேட்பதற்கென்றே ஒரு பெடியனை ஒழுங்கை முகப்பில் நிற்பாட்டி வைப்பார்கள். அவன் விசில் அடித்தால் “நூருங்கோ, நூருங்கோ” என்று ஆளாளுக்குக் குரல் எழும்பும். எல்லாம் இருண்டுவிடும். கதாநாயகன் என்ன ஆனான் என்ற யோசனையோடு இருட்டுக்குள் குந்தியிருப்போம். சத்தம் தூரப் போனதும் விட்ட இடத்திலிருந்து படம் ஓடும்.

விடுதலைப் புலிகள் இயக்கத்தின் தணிக்கை கழிந்து வரும் கசற்றுகளில் பாட்டுக் காட்சிகள் வெட்டுப்பட்டிருக்கும். அடிதடி அப்படியே இருக்கும். அதனால் நாங்கள் வளர்ந்தது முழுக்க அடிதடியில்தான் என்று சொல்லலாம்.

அப்படி ஒரு முற்றத்தில்தான் ‘நாயகன்’ பார்த்தேன். 1987இல் வெளிவந்த படம். எங்களிடம் வந்து சேர எத்தனையோ வருடம் சென்றுவிட்டது. கோடு கோடாகத் தேய்ந்த கசற். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மா இருந்தார். அவருடைய மகனின் வித்துடல் வீட்டுக்கு வந்தபோது, கொடி போர்த்திய பெட்டிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றவர். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்களா என்று விசாரித்தவர். ‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கரின் மகன் இறந்து, உடலை வீட்டுக்குக் கொண்டுவரும் காட்சி வந்ததும் அந்தப் பெரியம்மா வாய்விட்டு அழத் தொடங்கினார். படம் மேலே ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் நாங்கள் அடுத்த சண்டைக்குக் காத்திருக்கிறோம், அவர் அழுகையை நிற்பாட்டவில்லை. யாரும் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லவும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். அது பம்பாய்க் கடத்தல்காரன் ஒருவனின் மகனுக்காக அழுத அழுகை இல்லை என்பது சிறுவனான எனக்கே விளங்கியது.

2002இல் வன்னியூடாகப் போகும் ஏ9 பாதை திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது. இடையில் இருந்த காலத்தில் சீ.டி.யும் பெரிய ரிவிகளும் வந்தன. அதற்குப் பிறகு வந்த மூன்று வருடங்களில் யாருக்கும் படம் பார்க்கும் நினைப்பு இருக்கவில்லை. அதைத் தாண்டிப் போகிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். தச்சுத் தொழிலாளி. முதிரைப் பலகையில் கதவு செய்வதில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு அவரைச் சில வருடங்கள் தடுத்து வைத்திருந்தார்கள். எங்கே, யார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. திரும்பி வந்தபோது இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. சீவுளியை வலது கையால் தள்ளி, இடது உள்ளங்கையைச் சும்மா மேலே வைத்துக்கொண்டு வேலை செய்யப் பழகினார். கதவுகள் முன்னைப்போலவே வந்தன. உள்ளே நடந்ததைப் பற்றி அக்காவிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அக்காவும் கேட்டதில்லை. கேட்டால் என்ன வருமோ என்ற பயம் அவளுக்கு. சொன்னால் அவள் தாங்குவாளோ என்ற பயம் அவருக்கு. வீட்டில் சண்டையில்லை, குறையில்லை. அந்தச் சில வருடங்களைச் சுற்றிப் போய்த்தான் எல்லோரும் நடமாடினோம்.

படம் பார்க்கப் போவோம் என்று கேட்டது அவர்தான். வவுனியாவில் ஆணி, பிணைச்சல், வார்னிஷ் வாங்க வேண்டியிருந்தது. “அப்பிடியே ஒரு படத்தையும் பாத்திட்டு வருவம், வாறியோ?” என்றார். எந்தப் படம் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வெற்றிமாறனின் படம், முந்தின வருடம் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டிய படம் என்று பத்திரிகையில் வாசித்திருந்தேன். பொலிஸ் அடிக்கும் படம் என்று சொல்லிப் பார்த்தேன். “பொலிஸ் அடிக்காத படம் எங்க இருக்கு” என்று சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார்.

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு எழுபது கிலோமீற்றருக்கு மேல். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றது. வடக்கே போகிறவனும் தெற்கே போகிறவனும் அங்கே இறங்கிக் கும்பிடாமல் போவதில்லை. அத்தான் தேங்காய் உடைத்தார், கச்சான் ஒரு சரை வாங்கிச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தார். மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை. ஒவ்வொரு பெயரும் ஒரு காலத்தில் செய்தியில் வந்த பெயர். பஸ்ஸில் எல்லோரும் நித்திரை.

தியேட்டரில் நல்ல கூட்டம். ஓட்டோக்காரப் பெடியள், ரியூசனுக்குப் போகாமல் வந்தவர்கள், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு வயதானவர் எங்களுக்கு முன்வரிசையில் தனியாக இருந்தார். பெயர் ஓடத் தொடங்கியதும் முன்னாலிருந்து வழக்கமான விசில்.

கதை சிக்கலில்லாதது. தமிழ்நாட்டிலிருந்து ஆந்திராவின் குண்டூருக்குப் பிழைக்கப் போன நாலு பெடியள். வாடகை கொடுக்க வழியில்லாமல் ஒரு பூங்காவில் படுக்கிறார்கள். அவர்களில் ஒருவனான பாண்டி ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறான். ஒரு பெரிய வீட்டில் களவு போகிறது, பொலிசுக்குக் கள்ளன் வேண்டும். அந்த ஊரில் இவர்களுக்கென்று கேட்க ஆளில்லை. பிடித்துக் கொண்டுபோய், செய்யாத களவை ஒப்புக்கொள் என்று அடிக்கிறார்கள். அடிப்பவர்களின் மொழி தெலுங்கு, அடிபடுபவர்களின் மொழி தமிழ். என்ன கேட்கிறார்கள் என்று விளங்குவதற்கு முதலே அடி விழுந்துவிடுகிறது.

சினிமாவில் அடி என்றால் எனக்குத் தெரிந்தது ஒரு சத்தமும் ஒரு பறத்தலும். இந்தப் படத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் நேரம் இருந்தது. அடிக்கிறவன் மூச்சு வாங்குகிறான், கையை உதறுகிறான், களைத்துப்போய் நிற்கிறான். வாங்குகிறவன் அடுத்தது எந்தப் பக்கத்தால் வரும் என்று தெரியாமல் நிற்கிறான். பாண்டியாக நடித்த தினேஷின் முதுகுத் தோல் அந்த இடைவெளியில் தானாகச் சுருங்குவதைக் கமரா பார்த்துக்கொண்டு நிற்கிறது, வேறெங்கும் திரும்பவில்லை. முன்னால் விசில் அடித்த பெடியளின் சத்தம் அதோடு நின்றது. மின்விசிறிகளின் கடகடப்பு அப்போதுதான் எனக்குக் கேட்டது.

நான் அத்தானைப் பார்த்தேன். கச்சான் சரை மடியில் விரிந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கோது உடைத்து, பருப்பை எடுத்து, செந்தோல் போகத் தேய்த்து, திரும்பவும் சரைக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. கண் திரையை விட்டு எடுபடவில்லை.

“அத்தான், வெளியால போவமோ?”

“இரு.”

கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அவங்கள் உண்மையத்தானே சொல்லுறாங்கள். ஆரும் கேக்கினமோ எண்டு பாப்பம்.”

இடைவேளையில் லைற் போட்டதும் வடை, ரோல்ஸ், சோடா என்று எழும்பி ஓடும் சனம் அன்றைக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. கைக்குழந்தைக்காரர்கள் மட்டும் எழும்பிப் போனார்கள். பிறகு திரும்பி வரவில்லை. முன்வரிசை வேட்டிக்காரர் மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தார். முன்பின் தெரியாத மனிதர்.

“எனக்கு ரெண்டு பகுதியாலயும் விழுந்தது, தம்பி” என்றார். “முதல் எங்கட ஆக்கள் கொண்டுபோய் விசாரிச்சவை. பிறகு அவை கொண்டுபோய் விசாரிச்சவை. கேட்டது ரெண்டுபேரும் ஒரே கேள்வி.”

அத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தார். கச்சான் சரையை அவர் பக்கம் நீட்டினார். அந்த மனிதர் ஒரு பிடி அள்ளிக்கொண்டு திரும்பி இருந்துகொண்டார். வேறு கதையில்லை.

இதை எழுதும்போது எனக்கு ஒரு கடமை இருப்பதாக நினைக்கிறேன். எங்கள் ஆட்கள் விசாரித்ததைப் பற்றி நாங்கள் இன்னும் சத்தமாகக் கதைப்பதில்லை. அந்த வேட்டிக்காரர் கதைத்தது ஒரு தியேட்டருக்குள், பெயர் தெரியாத இருவரிடம். வெளியில் எங்கும் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் துரோகி என்ற பட்டத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அடித்தவன் யார் என்பதைப் பார்த்துத்தான் அடிபட்டவனுக்கு இரங்குவோம் என்றால், அது இரக்கத்தில் சேராது.

படத்தில் எனக்கு மறக்க முடியாத இடம் நீதிமன்றக் காட்சி. ஒப்புக்கொள்ள வைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நீதிபதிக்கு இவர்கள் மொழி விளங்கவில்லை, இவர்களுக்கு அங்கே நடப்பது விளங்கவில்லை. வேறு அலுவலாக வந்திருக்கும் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல், சமுத்திரக்கனி நடித்த பாத்திரம், இடையில் நின்று மொழிபெயர்க்கிறார். பெடியள் நடந்ததைச் சொல்லுகிறார்கள், நீதிபதி கேட்கிறார், விடுதலையாகிறார்கள். மண்டபத்தில் எழும்பிய சத்தத்தை விசில் என்று சொல்ல முடியாது. எத்தனையோ பேர் ஒன்றாக மூச்சு விட்ட சத்தம்.

இந்தியாவில் எந்த மாநிலத்திலும் இந்தக் காட்சிக்கு வேறு அர்த்தம் இருக்கலாம். வன்னியில் அதற்கு ஒரு சட்ட இலக்கமே இருக்கிறது. இலங்கையின் சாதாரணச் சட்டப்படி, பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றில் சான்றாகக் காட்ட முடியாது. 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டம் அதை மாற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்கோ அதற்கு மேற்பட்டவருக்கோ கொடுத்த வாக்குமூலம் அந்தச் சட்டத்தின் கீழ் செல்லும். அடித்து வாங்கியது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அடிபட்டவன். சிங்கராசா வழக்கை இங்கே சட்டம் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். 1993இல் மட்டக்களப்பில் கைதானவர். சிங்களம் தெரியாதவர். சிங்களத்தில் எழுதிய ஒப்புதல் வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தவர். வேறு சான்று இல்லாமலே 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை கொடுத்தது, மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைந்தது. நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. அந்த முடிவைக் கொண்டு உயர் நீதிமன்றம் போனபோது, 2006இல் அங்கே அது எடுபடவில்லை. அவருக்கு முத்துவேல் வரவில்லை.

படம் உண்மைக் கதையிலிருந்து வந்தது. மு. சந்திரகுமார் கோயம்புத்தூரில் ஓட்டோ ஓட்டியவர். இளவயதில், 1983இல், குண்டூரில் இப்படித்தான் பிடிபட்டு அடிபட்டார். பின்னாளில் அதை ‘லாக்கப்’ என்று நாவலாக எழுதினார். 1983 என்று வாசித்தபோது எனக்கு வேறொரு ஞாபகம் வந்தது. அதே வருடம் யூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். குண்டூரில் அடிபட்டவர் உயிரோடு வெளியே வந்தார், எழுதினார், அவர் எழுதியதிலிருந்து ஒரு படம் வந்தது. அதில் பெரிய விசயம் இருக்கிறது. உயிரோடு வந்த எத்தனையோ பேர் எங்களிடமும் இருக்கிறார்கள். எழுதியவர்கள்தான் குறைவு.

படத்தின் பின்பாதி பலருக்குப் பிடிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அது முன்பாதியை விட முக்கியமானது. முன்பாதி எங்களுக்குத் தெரிந்தது. பின்பாதியில், விடுதலையான பெடியள் ஒரு பொலிஸ் நிலையத்தைத் துப்புரவாக்கிக்கொண்டு நிற்கிறார்கள், அங்கே ஒரு பெரிய ஆடிற்றர் காவலில் சாகிறார், அந்தச் சாவைத் தற்கொலையாக மாற்றுகிறார்கள். அதைக் காதால் கேட்டதற்காக இந்தப் பெடியளும் சாக வேண்டியிருக்கிறது. உதவி செய்த முத்துவேலே அந்த வலைக்குள் நிற்கிறார். ஒரு பிழையை மறைக்க அடுத்த பிழை எப்படிப் பிறக்கிறது, நல்ல மனம் உள்ள ஒரு அதிகாரி படிப்படியாக எப்படி இறங்கிப் போகிறார் என்று அடித்தவர்களின் பக்கத்து அறைக்குள் வைத்துக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து தமிழில் அதற்கு முதல் இல்லை. அத்தான் முத்துவேலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “அவனுக்குத் தெரியும் பிழை எண்டு” என்று சொன்னார். பிறகு இன்னொரு தரமும் சொன்னார்.

எல்லா அடிதடிப் படத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 2022 யூனில் ‘விக்ரம்’ வந்தபோதும் அத்தானோடு போனேன். நாட்டில் பெற்றோல் இல்லை, நாள்தோறும் மின்வெட்டு, என்றாலும் தியேட்டர் நிறைந்திருந்தது. கமல் பெரிய துப்பாக்கியைத் தூக்கி வைத்துச் சுட்டபோது கூரை கழன்றுவிடும் போல விசில். அத்தான் பாதியில் வெளியே போய் நின்றுகொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, “இதில ஒருத்தருக்கும் நோகேல்லயடா” என்றார். அதுதான் நான் பிடிக்கும் அளவுகோலும். நோவைக் காட்டாமல் கொலையை மட்டும் காட்டும் படத்தைப் பார்த்து வளர்கிற பெடியளில் சிலர் யாழ்ப்பாணத்திலும் இங்கேயும் வாளோடு மோட்டார் சைக்கிளில் திரிகிறார்கள். படம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலையில்லை, தகப்பன் இல்லை, போதைப்பொருள் என்று காரணங்கள் நிறைய. ஆனால் வெட்டு விழுந்த கையில் தையல் போடும்போது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் திரையில் ஒருவரும் காட்டவில்லை.

இனி கொழும்பு நண்பர்களின் அந்தக் கேள்விக்கு வருகிறேன். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இலட்சக்கணக்கில் சனம் ஒன்றாக நின்றது என்று சொல்கிறார்கள். ஒன்றாக நின்றோம், ஒன்றாகப் பார்க்கவில்லை. செல் விழும்போது பங்கருக்குள் தலையை அமத்திக்கொண்டு கிடந்தவனுக்குத் தெரிந்தது தன் பிள்ளையின் முதுகு மட்டும். பக்கத்துப் பங்கரில் நடந்தது விடிந்த பிறகுதான் தெரியும். தடுப்பில் ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனிக் கேள்வி, தனி அடி. வெளியே வந்து சொன்னால் நம்புகிறவர் பாதி, பயந்து வாயைப் பொத்தச் சொல்கிறவர் மீதி. வவுனியாத் தியேட்டரில் அன்றைக்கு இருந்த நாங்கள் முதல் தடவையாக, ஒரு மனிதன் அடிபடுவதை ஒரே நேரத்தில், ஒரே பக்கத்திலிருந்து, இருந்து பார்த்தோம். அது எங்கள் மனிதன் இல்லை, நடிப்புத்தான். என்றாலும் பக்கத்தில் இருப்பவனும் அதைப் பார்த்தான் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். இப்படியெல்லாம் நடக்காது என்று அந்த மண்டபத்துக்குள் யாரும் யாருக்கும் சொல்லியிருக்க முடியாது. இதற்காகத்தான் காசு கொடுத்துப் போனோமா என்று கேட்டால், போகும்போது தெரியாது. போன பிறகு கிடைத்தது.

வீட்டுக்கு வந்து சேர இரவாகிவிட்டது. ஆணிப் பெட்டிகளை விறாந்தையில் வைத்துவிட்டு, அக்கா போட்ட புட்டைச் சாப்பிட இருந்தோம். “என்ன படம்? நல்லதோ?” என்று அக்கா சும்மா கேட்டாள். நான் வாயைத் திறக்க முதல் அத்தான் தொடங்கிவிட்டார். ஆந்திராவில் நாலு பெடியள், பூங்காவில் படுக்கை, பிடித்துக்கொண்டு போனது என்று ஒழுங்காகத்தான் போனது. புட்டுக் கோப்பை ஆறிக்கொண்டிருந்தது. பாண்டியை அடிக்கும் இடத்துக்கு வந்தபோது கதை கொஞ்சம் விலகியது. படத்தில் இல்லாத ஒரு வாளித் தண்ணீர் வந்தது. படத்தில் இல்லாத ஒரு யன்னல், அதற்கு வெளியே ஒரு வேப்பமரம், காலையில் அதில் வந்திருக்கும் செண்பகத்தின் சத்தம். இடது கையைப் பின்னால் கட்டி எப்படித் தூக்கினார்கள் என்று வலது கையால் காட்டினார். அடிக்காமல் தண்ணீர் கொடுத்த ஒரு காவல்காரப் பெடியன், அவனுக்கும் மொழி தெரியாது, கையால் கதைத்தான் என்றார். படம் பார்த்தவன் நான், எதிரே இருக்கிறேன். அவருக்கு அது தெரியும். நான் குறுக்கே ஒரு சொல் சொல்லவில்லை.

அக்கா தட்டுவத்தைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். 2009இல் அத்தானின் படத்தை ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக்கொண்டு முகாம் முகாமாக, அலுவலகம் அலுவலகமாகத் திரிந்தவள் அவள்.

“அந்தப் பெடியனுக்கு வீட்டில ஆக்கள் இல்லையோ?” என்று கேட்டாள். “ஆரும் தேடி வரேல்லையோ?”

அத்தான் கொஞ்சம் யோசித்தார்.

“வந்தவையாம். அவனுக்குச் சொல்லேல்ல. அவன் தன்னை எல்லாரும் விட்டிட்டினம் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தவன்.”

“விடேல்ல” என்றாள் அக்கா. “ஒரு நாளும் விடேல்ல. எங்கெங்க போனவை எண்டு நான் சொல்லுறன், இருங்கோ.” தட்டுவத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் சொல்லத் தொடங்கினாள். செட்டிகுளம் முகாமிலிருந்து தொடங்கினாள்.